பெங்களூரில் நாள் வாடகை வீடு: துப்புரவு, விரிப்பு, துண்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், காக்ஸ் டவுன், இந்திராநகர், கோரமங்களா, ஒயிட்பீல்டு என்று பெங்களூரின் பல பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் மாடி வீட்டையோ தனி ஃபிளாட்டையோ ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் வழியாக நாள் வாடகைக்கு விடுகின்றன. நானும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். புதிதாக இறங்குபவர்கள் சோபா, டிவி, சுவர் வண்ணம் பற்றி நிறைய யோசித்துவிட்டு வருகிறார்கள். முதல் மாதம் முடிந்ததும் அவர்கள் கேட்பதெல்லாம் விரிப்பையும் துப்புரவையும் பற்றித்தான். இந்த வேலையை அழுக்கைவிட அவசரமே அதிகம் கெடுக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்த அவசரத்தை எப்படிக் குறைப்பது என்பதைப் பற்றியவை.

ஒரு கட்டிலுக்கு எத்தனை செட் விரிப்பு வேண்டும்?

மூன்று. ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். இரண்டு போதும் என்று இருப்பவர்கள், சலவை ஒரு நாள் தள்ளிப்போனாலே மாட்டிக்கொள்கிறார்கள். ஈரம் முழுதாகப் போகாத விரிப்பை விரிக்க வேண்டிவரும். அந்த முடை நாற்றம் விருந்தினர் மூக்குக்குக் கட்டாயம் எட்டும். மூன்றாவது செட்டுக்குப் போடும் பணம் உங்களுக்கு ஒரு நாள் அவகாசம் வாங்கித் தருகிறது. மழை மாதங்களுக்கு நான்காவது செட் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஒரு செட் என்றால் கீழ் விரிப்பு ஒன்று, ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) உறை ஒன்று, இரட்டைக் கட்டிலுக்குத் தலையணை உறை நான்கு. தலையணை உறையை மட்டும் இந்தக் கணக்குக்கும் மேலே நாலைந்து கூடுதலாக வாங்கி வையுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்கும் வழக்கம் நம் விருந்தினர்களிடம் உண்டு. எனவே முதலில் கழித்துப் போட வேண்டியிருப்பது அதைத்தான். துண்டுக்கும் இதே கணக்குதான்: ஆளுக்கு ஒரு குளியல் துண்டு, ஒரு கைத்துண்டு, பாத்ரூமுக்கு ஒரு கால்மிதி, எல்லாம் மூன்று மடங்கு.

என்ன அளவு வாங்குவது? கடையில் கிங், குயின் என்கிறார்கள், வீட்டுக்கு வந்து விரித்தால் பற்றவில்லை.

கடைக்காரர் சொல்லும் பெயரை நம்பாதீர்கள், மெத்தையை அளந்து எடுத்துப் போங்கள். நம் ஊரில் கிங் மெத்தை பொதுவாக 72 அங்குலம் அகலம், 78 அங்குலம் நீளம். உயரம் 8 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், இரு பக்கமும் இறங்குவதற்கு 16 அங்குலம் போய்விடும். அகலத்தில் 88 ஆயிற்று. மெத்தைக்கு அடியில் செருகப் பக்கத்துக்குப் பத்து அங்குலம் கொடுத்தால் 108. எனவே 108க்கு 108 விரிப்புதான் சரி. 60 அங்குல அகல மெத்தைக்கு 90க்கு 108 போதும் என்பார்கள். மெத்தை தடிமனாக இருந்தால் அதுவும் இழுபறிதான்; செருகல் போதாமல் இரவில் உருவிக்கொண்டு வந்துவிடும்.

பருத்தி முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக இருப்பதில் நஷ்டம் இல்லை.

வெள்ளையா, வண்ணமா? எந்தத் துணி?

வெள்ளை, நூறு சதவீதப் பருத்தி, சாதா நெசவு. வெள்ளையில் கறை தெரியும் என்று பயப்படுகிறார்கள். தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். பூப்போட்ட விரிப்பில் ஒளிந்திருக்கும் கறையை நீங்கள் பார்க்காமல் விட்டுவிடுவீர்கள், படுக்கப்போகும் விருந்தினர் பார்த்துவிடுவார். தவிர, எல்லாமே வெள்ளையாக இருந்தால் ஒன்றாகச் சுடுநீரில் போடலாம், சாயம் ஏறுமோ என்ற கவலை இல்லை. ஒன்று கிழிந்தால் அதே மாதிரி இன்னொன்று எப்போதும் கிடைக்கும்.

நூல் எண்ணிக்கை (ஒரு சதுர அங்குலத் துணியில் உள்ள நூல்கள்) 200 முதல் 300 வரை இருந்தால் போதும். 800, 1000 என்று அட்டையில் போட்டு விற்பவற்றில் பலவும், பல இழைகளை முறுக்கிய ஒரே நூலைப் பலவாக எண்ணிக் காட்டுபவை. கனமாக இருக்கும், காய நேரம் பிடிக்கும். பாலியஸ்டர் கலந்தது சீக்கிரம் காயும், சுருக்கம் விழாது, உண்மைதான். ஆனால் நாளடைவில் பரப்பில் குட்டிக் குட்டி உருண்டைகள் கட்டிவிடும், எண்ணெய்ப் பிசுக்கையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். துண்டு சதுர மீட்டருக்கு 450 முதல் 500 கிராம் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் பெங்களூர் மழையில் காயவைப்பது பெரும்பாடு.

எங்கே வாங்கலாம்?

சிக்பேட்டை மொத்தக் கடைகளில் எல்லாம் கிடைக்கும். ஆனால் ஊருக்குப் போய்வருபவர்கள் கரூரில் வாங்குவதே என் பரிந்துரை. வெளிநாடுகளுக்கு வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் ஊர் அது. நீங்கள் கேட்ட அளவில் வெட்டித் தைத்துத் தரக்கூடிய தையல் கூடங்கள் அங்கே உண்டு. ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலைக் கைத்தறிப் போர்வையைக் கட்டிலின் கால்மாட்டில் மடித்துப் போட்டால் வெள்ளை அறைக்கு ஒரு களை வரும். பவானி ஜமுக்காளத்தைக் கூடுதல் ஆள் தரையில் படுக்க வேண்டிய நாளுக்காக ஒன்று வாங்கி வைக்கலாம். அதன் கோடுகளைப் பார்த்ததும் தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் முகம் மலர்கிறது, அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

புதுத் துணியில் கஞ்சிப் பசை இருக்கும். ஒருமுறை துவைக்காமல் விரிக்க வேண்டாம்.

வெள்ளை விரிப்பு சில மாதங்களில் சாம்பல் பூத்துவிடுகிறது. சோப்புத் தூளை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

குற்றம் சோப்புத் தூள் மேல் இல்லை, தண்ணீர் மேல். பெங்களூரில் இரண்டு விதத் தண்ணீர் ஓடுகிறது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து இறைத்துக் கொண்டுவரப்படும் காவிரித் தண்ணீர் மென்மையானது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலும், லாரியில் வரும் தண்ணீரிலும் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதிகம். பல அடுக்குமாடிக் கட்டடங்களில் இரண்டும் ஒரே சம்ப்பில் கலந்துவிடுவதால், இந்த வாரம் வெளுத்த விரிப்பு அடுத்த வாரம் வெளுக்காது.

உப்புத் தண்ணீரில் சோப்பின் சக்தியில் ஒரு பகுதி அந்தச் சுண்ணாம்போடு சண்டை போடுவதிலேயே தீர்ந்துவிடுகிறது. மீதி அழுக்கும் சோப்புப் படிவும் நூலுக்குள் தங்கிவிடுகின்றன. துணி விறைப்பாகிறது, துண்டு நீரை உறிஞ்ச மறுக்கிறது. தூளை இன்னும் அள்ளிப் போட்டால் படிவு இன்னும் ஏறும்.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மையை, அதாவது இந்தச் சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகளின் அளவை, ஏற்கத்தக்கது என்கிறது. மாற்று வழி இல்லாதபோது 600 வரை அனுமதிக்கிறது. 200ஐத் தாண்டினாலே விரிப்பில் விளைவு தெரியும். சோதனைப் பட்டை மலிவாகக் கிடைக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் ஒரு பாட்டிலில் தண்ணீரும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் விட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் தயிர்போலத் திரிந்தால் விடை தெரிந்துவிட்டது.

செய்ய வேண்டியது: காவிரித் தண்ணீர் வரும் நாளில் வெள்ளைத் துணியைத் துவைப்பது. அது முடியாவிட்டால், துவைக்கும்போது சலவைச் சோடாவும், கடைசி அலசலில் ஒரு கரண்டி சிட்ரிக் அமிலமும் சேர்ப்பது. ஏற்கெனவே சாம்பல் பூத்ததை 60 டிகிரிச் சுடுநீரில், சோடியம் பெர்கார்பனேட் கலந்த ஆக்சிஜன் பிளீச்சில் சில மணி நேரம் ஊறவிட்டுத் துவைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். சொட்டு நீலம் கண்ணுக்கு வெண்மை காட்டும், அழுக்கை எடுக்காது. கடைசியில் போடலாம், அதையே மருந்தாக நம்ப வேண்டாம்.

வீட்டு மெஷினா, கிலோக் கணக்கு லாண்டரியா, சலவைக்காரரா?

ஒரே ஒரு அறை என்றால் வீட்டு மெஷின். தண்ணீரைத் தானே சூடாக்கும், முன்பக்கக் கதவுள்ள மெஷினாக இருக்கட்டும். இரண்டு வீட்டுக்கு மேல் போய்விட்டால் வெளியே கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் லாண்டரியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: என் துணியை மற்றவர்கள் துணியோடு சேர்ப்பீர்களா, எத்தனை டிகிரியில் துவைக்கிறீர்கள், எந்தத் தண்ணீர்? மூன்றுக்கும் நேரடியாகப் பதில் சொல்பவரிடம் கொடுங்கள்.

மல்லேஸ்வரம் போன்ற இடங்களில் தோபி காட் எனப்படும் சலவைத் துறைகள் இன்றும் இயங்குகின்றன. வெயில் நாட்களில் அங்கே வெளுத்துவரும் வெள்ளைக்கு ஈடு இல்லை என்பேன். ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் அழியாத நூலால் ஓர் அடையாளம் தைத்துவிடுங்கள். கொடுக்கும்போது எண்ணி எழுதி, வாங்கும்போது எண்ணிச் சரிபாருங்கள். இஸ்திரி வண்டிக்குத் தலையணை உறையையும் ரஜாய் உறையையும் கொடுத்தால் போதும். கீழ் விரிப்பை லேசான ஈரத்தோடு இழுத்து மடித்தாலே சுருக்கம் போய்விடும்.

மழைக்காலத்தில் எப்படிக் காயவைப்பது? எங்கள் குடியிருப்புச் சங்கம் பால்கனியில் விரிப்பு தொங்கவிடக் கூடாது என்கிறது.

பெங்களூரில் மே மாதத்திலேயே மாலை இடிமழை தொடங்கிவிடும். செப்டம்பர், அக்டோபரில் கனமழை. மழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல் வருவதால், காலை எட்டு மணிக்குள் துணி கொடியில் ஏறியிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மெஷினில் சுழற்சியை 1000க்கு மேல் வைத்துப் பிழியுங்கள். மொட்டை மாடிக்குச் சாவி வாங்கிக்கொள்ளுங்கள், மேலே ஒரு தகரக் கூரை போட்டால் இன்னும் நல்லது. அறைக்குள் காயவைத்தாக வேண்டுமென்றால் விரிப்பை மடித்துப் போடாமல், ஒற்றை அடுக்காகத் தொங்கவிட்டு மின்விசிறியும் சன்னலும் இரண்டும் வேண்டும். மூடிய அறையில் விசிறி மட்டும் சுற்றினால் அந்த ஈரம் மெத்தைக்கும் சுவருக்கும் போய்ச் சேரும். மூன்று வீடு நடத்துபவர் உலர்த்தி மெஷின் வாங்குவது ஆடம்பரம் இல்லை.

கறைகளை எப்படி எடுப்பது? எல்லாவற்றுக்கும் பிளீச் போடலாமா?

கூடாது. பிளீச் கடைசி ஆயுதம். கறையைப் பார்த்த உடனே என்ன கறை என்று தெரிந்துகொள்வதுதான் வேலையில் பாதி.

மஞ்சள்தூள் கறையில் சோப்பு பட்டதும் அது இரத்தச் சிவப்பாக மாறும். பார்த்தவர்கள் பதறிப்போய் இன்னும் தேய்ப்பார்கள். சோப்பின் காரத்தால் மஞ்சளின் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். நன்றாக அலசிவிட்டு ஈரத்தோடு நேர் வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறப்பொருள் வெயில் தாங்காது, இரண்டு மூன்று வெயிலில் மறைந்துபோகும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமமும் இதே குணம்தான். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் சிவப்பு மஞ்சளாக இறங்கும், பிறகு வெயிலிடம் விட்டுவிடலாம். கடையில் விற்கும் சாயக் குங்குமம் வேறு கதை. அது பட்ட இடத்தைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஆக்சிஜன் பிளீச்சில் ஊறவைக்க வேண்டும்.

இரத்தத்துக்குக் குளிர்ந்த நீர் மட்டும். சுடுநீர் பட்டால் கறை நூலோடு ஒட்டிவிடும். குளிர்நீரில் அலசி, மிச்சத்துக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சில சொட்டு விட்டால் நுரைத்துக் கிளம்பிவிடும். தேங்காய் எண்ணெய்ப் பிசுக்குக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தை உலர்ந்த துணியிலேயே தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். முதலில் நனைத்துவிட்டால் எண்ணெய் விடாது. மருதாணி காய்ந்துவிட்டால் முழுதாகப் போகாது என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு வரும் குழு என்று தெரிந்தால் அடர்நிறத் துண்டு இரண்டு தனியாக வைத்து, மருதாணிக்கும் முகப்பூச்சு துடைக்கவும் இது என்று ஒரு சீட்டும் எழுதி வைத்துவிட்டால் வெள்ளைத் துண்டுகள் பிழைக்கும். விருந்தினர்களும் மகிழ்ந்துதான் போகிறார்கள்.

கறைக்கு விருந்தினரிடம் பணம் கேட்கலாமா?

சாதாரணக் கறைக்குக் கேட்காதீர்கள், அது தொழில் செலவு. கிழித்தது, எரித்தது போன்றவற்றுக்கு உடனே படம் எடுத்து, பில்லோடு கேளுங்கள். ஏர்பிஎன்பியில் விருந்தினர் காலி செய்த 14 நாளுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும்.

காலை 11 மணிக்கு ஒருவர் காலி செய்கிறார், 2 மணிக்கு அடுத்தவர் வருகிறார். மூன்று மணி நேரத்தில் முடியுமா?

ஒரு படுக்கையறை வீடு என்றால், வரிசை தெரிந்தால் முடியும். வரிசை தெரியாவிட்டால் ஐந்து மணி நேரமும் போதாது.

நுழைந்ததும் எல்லாச் சன்னல்களையும் திறந்துவிட்டு விரிப்பையும் துண்டையும் உருவுங்கள். உருவும்போது தலையணை உறைக்குள் கையை விட்டுத் துழாவ வேண்டும். கம்மல், திருகாணி, மருந்துச் சீட்டு எல்லாம் அங்கேதான் கிடைக்கும். மெத்தை மூடாமல் காற்று வாங்கட்டும். அடுத்து பாத்ரூமிலும் கழிவறையிலும் திரவத்தை ஊற்றிவிட்டு வெளியே வாருங்கள். கிருமிநாசினிக்கு வேலை செய்யப் பத்து நிமிடமாவது வேண்டும், ஊற்றியதும் தேய்ப்பது வீண். அது ஊறும்போது சமையலறை. பிறகு பாத்ரூமை முடித்து, கையைக் கழுவி, கையுறை மாற்றிவிட்டுப் படுக்கையறைக்கு வரலாம். மேலிருந்து கீழாகத் தூசி தட்டி, கட்டில் விரித்து, கடைசியில் உள்ளிருந்து வாசலை நோக்கித் தரை துடைத்துக்கொண்டே வெளியேற வேண்டும்.

கழிவறைக்கு ஒரு நிறத் துணி, சமையலறைக்கு வேறு நிறம். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

விரித்து முடித்ததும் ஒரு சோதனை. விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை விரிப்பின் மட்டத்தில் படுக்கவைத்தாற்போலப் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது தெரியாத ஒற்றை முடிகூட நிழல் விழுந்து நீளமாகத் தெரியும். ஒட்டும் உருளையால் எடுத்துவிடலாம். பாத்ரூம் வடிகால் மூடி, கதவின் பின்பக்கம், சோப்புத் தட்டின் அடி ஆகியவற்றையும் இப்படியே பாருங்கள். வீடு முழுதும் பளபளத்தாலும் அந்த ஒரு முடியைத்தான் விருந்தினர் மதிப்புரையில் எழுதுவார்.

சமையலறையில் எல்லோரும் அடுப்பைத் துடைக்கிறார்கள். மிக்ஸி ஜாரின் அடிப்புறத்தையும், குக்கர் கேஸ்கட்டின் உட்பள்ளத்தையும் விரலால் தடவிப் பார்ப்பவர்கள் குறைவு. முந்தைய குடும்பத்தின் சட்னி அங்கே இருக்கும்.

இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மூன்று மணி நேரத்தில் ஒரே ஆளை வைத்து முடிக்கச் சொல்வது தவறு. இரண்டு பேரை அழையுங்கள், அல்லது நாலு மணிக்கு வரவேற்பதாக மாற்றுங்கள்.

பாத்ரூமுக்கு எதை எதைக் கலக்கலாம்?

எதையும் கலக்கக் கூடாது. கழிவறைத் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதன் மேல் பிளீச்சையோ பிளீச்சிங் பவுடரையோ போட்டால் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் இல்லாத சிறிய பாத்ரூமில் இது உயிரோடு விளையாடுவது. வேலைக்கு வருபவருக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், இரண்டு பாட்டில்களையும் தனித்தனி அலமாரியில் வையுங்கள். குழாயில் படியும் உப்புக் கறைக்குச் சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். மார்பிள் மேல் மட்டும் பட விடாதீர்கள், பளபளப்பு போய்விடும்.

துப்புரவுக்கு வருபவருக்கு எப்படிச் சம்பளம் கொடுப்பது? நிலைத்து நிற்க மாட்டேன் என்கிறார்களே.

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். பெங்களூரில் வீட்டு வேலைக்கு வரும் பெண்களில் திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். நமக்கு மொழி பிரச்சினை இல்லை; பேசிப் புரியவைக்கலாம், அவர்கள் சொல்வதையும் கேட்கலாம். அந்த வசதியை நாம் பயன்படுத்துவதில்லை.

வழக்கமான வீட்டு வேலை தினமும் ஒரே நேரம், ஒரே அளவு. இந்த வேலை அப்படி இல்லை. திங்கட்கிழமை ஒன்றும் இருக்காது, சனிக்கிழமை இரண்டு வீடு ஒரே நேரத்தில் காலியாகும். எனவே மாதச் சம்பளத்தை மட்டும் பேசாதீர்கள். வேலை இல்லாவிட்டாலும் கிடைக்கும் ஓர் அடிப்படைத் தொகை, அதன் மேல் ஒவ்வொரு முறை வீடு தயார் செய்வதற்கும் தனித்தொகை என்று வையுங்கள். விருந்தினர் அன்றே ரத்து செய்தால் அந்தத் தொகையைக் கொடுத்துவிட வேண்டும். அக்கா உங்களுக்காக இன்னொரு வீட்டை விட்டுவிட்டு வந்திருக்கிறார். கர்நாடகத்தில் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி 2004 முதல் அறிவிக்கப்பட்டுவருகிறது. அது தரைமட்டம் மட்டுமே, இந்த வேலைக்கு அதைவிட நன்றாகவே கொடுக்க வேண்டும்.

வார அட்டவணையை ஞாயிற்றுக்கிழமையே அனுப்பிவிடுங்கள். எழுத்து படிக்கச் சிரமம் என்றால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக. வீடு முடிந்ததும் கட்டில், கழிவறை, சிங்க், ஃபிரிட்ஜ் உட்புறம் என நான்கு படம் அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பியதும் பணத்தைப் போட்டுவிடுங்கள். மாதக் கடைசி வரை இழுக்க வேண்டாம். வேலைக்கு வருபவர் அந்த வீட்டின் கழிவறையைப் பயன்படுத்தலாம், டீ போட்டுக் குடிக்கலாம் என்பதை நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவராகக் கேட்க மாட்டார். உங்கள் குடியிருப்பில் வேலைக்கு வருபவர்களுக்குத் தனி லிஃப்ட் என்ற வழக்கம் இருந்தால், கூட்டத்தில் எழுந்து அதை எதிர்த்துப் பேசுங்கள்.

பொருள் காணவில்லை என்று விருந்தினர் சொன்னால் முதலில் அவரிடமே பெட்டியைத் தேடச் சொல்லுங்கள், நீங்கள் மெத்தைக்கு அடியில் பாருங்கள். விசாரிக்காமல் அக்காவை நோக்கி ஒரு கேள்வி எழுந்தாலே அவர் மறுநாள் வர மாட்டார். வரக்கூடாது என்றுதான் நானும் சொல்வேன்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர் ஊருக்குப் போவார். அந்த நாட்களில் நாள்காட்டியை அடைத்துவிடுங்கள், அல்லது நீங்களே துடைப்பத்தை எடுங்கள்.

ஒரு வாரம், ஒரு மாதம் தங்குபவர்களுக்கு எப்போது மாற்றுவது?

துண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, விரிப்பு வாரம் ஒருமுறை. முதல் நாளே கேட்டு, அவர்களுக்கு வசதியான கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே ஆள் வர வேண்டாம் என்பவர்களுக்கு வாசலில் ஒரு பையில் கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டுக்கு மருத்துவமனைக்கு வருபவர்களே அதிகம். தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

ஆம். நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை, கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை, பொம்மசந்திரா பக்கத்து இதய மருத்துவமனை என்று தமிழ்நாட்டிலிருந்து சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள் ஏராளம். அவர்களிடம் "கறை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லாதீர்கள். அவர்கள் ஏற்கெனவே கவலையோடுதான் வருகிறார்கள். நீர் புகாத மெத்தை உறை எல்லாக் கட்டிலிலும் இருக்கட்டும், நோயாளி படுக்கும் பக்கத்துக்கு மேலே ஒரு சிறிய ரப்பர் விரிப்பும் துணியும் கூடுதலாகக் கொடுங்கள். விரிப்பு இரண்டு செட் அலமாரியிலேயே வைத்து, இரவில் மாற்ற வேண்டியிருந்தால் கேட்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுங்கள். மூடியுள்ள ஒரு பக்கெட்டும் வேண்டும்.

புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு வாசனைத் திரவங்கள் குமட்டலைத் தரலாம். அந்த வாரம் ஃபினாயில், அறை நறுமணம், துணி மென்மையாக்கும் திரவம் எதுவும் வேண்டாம். அவர்கள் போன பிறகு எல்லாவற்றையும் 60 டிகிரியில் துவைத்து, தொடும் கைப்பிடிகளையும் சுவிட்சுகளையும் துடையுங்கள்.

மூட்டைப்பூச்சி வந்துவிட்டது என்று விருந்தினர் சொல்கிறார். என்ன செய்வது?

முதலில் நம்புங்கள், வாதாடாதீர்கள். மூட்டைப்பூச்சி அழுக்கு வீட்டுக்கு மட்டும் வருவதில்லை, யாரோ ஒருவரின் பெட்டியில் ஏறித்தான் வருகிறது. மெத்தையின் தையல் ஓரம், கட்டில் சட்டத்தின் மூட்டு, தலைமாட்டுப் பலகையின் பின்புறம் ஆகியவற்றை டார்ச்சால் பாருங்கள். பேனா முனையால் குத்தினாற்போன்ற கறுப்புப் புள்ளிகள் இருந்தால் உறுதி.

விருந்தினரை வேறு இடத்துக்கு மாற்றிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். விரிப்பையும் தலையணையையும் அறைக்குள்ளேயே பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள். அள்ளிக்கொண்டு கூடம் வழியாக நடந்தால் நீங்களே மற்ற அறைகளுக்கும் விநியோகம் செய்ததாகும். 60 டிகிரியில் துவைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். கடையில் விற்கும் ஸ்பிரே பெரும்பாலும் பூச்சியைப் பக்கத்து அறைக்குத் துரத்துவதோடு சரி. பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களை அழைத்து, இரண்டு வார இடைவெளியில் இரண்டாவது முறையும் செய்யச் சொல்லுங்கள். முதல் மருந்துக்குத் தப்பிய முட்டைகள் ஒரு வாரம் பத்து நாளில் பொரித்துவிடும். அறையை மூடிவைத்துப் பட்டினி போட்டுக் கொல்லலாம் என்ற யோசனை பலிக்காது, உணவில்லாமல் பல மாதம் தாங்கும் பூச்சி அது. இரண்டு முறை மருந்தடித்துச் சோதித்து முடிக்கும் வரை அந்த அறைக்கு முன்பதிவு வாங்காதீர்கள்.

முன்னெச்சரிக்கையாகப் பெட்டி வைக்க ஒரு தாங்கி வாங்கிப் போடுங்கள். பெட்டி கட்டில்மேல் ஏறாமல் இருப்பது பெரிய காப்பு.

ரஜாய், தலையணை, கம்பளி?

டிசம்பர், ஜனவரி இரவுகளுக்கு ரஜாய் வேண்டும். கழற்றித் துவைக்கும் வெள்ளை உறை போட்ட மெல்லிய ரஜாயாக இருக்கட்டும். கடையில் மெத்துமெத்தென்று விற்கும் தடித்த பூக்கம்பளியைத் தவிர்த்துவிடுங்கள்: ஒவ்வொரு விருந்தினருக்கும் அதைத் துவைத்துக் காயவைக்க உங்களால் முடியாது. துவைக்க முடியாததைக் கட்டிலில் வைக்கவே கூடாது. தலையணைக்கு உள்ளுறை ஒன்று, மேலுறை ஒன்று. பாதியாக மடித்துவிட்டால் திரும்ப நிமிராத தலையணையை மாற்றிவிடுங்கள்.

குப்பையை என்ன செய்வது? விருந்தினர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுகிறார்கள்.

பெங்களூரில் பச்சைத் தொட்டியில் ஈரக் குப்பை, சிவப்புத் தொட்டியில் சுகாதாரக் கழிவு, ஒரு பையில் உலர் குப்பை என்பது விதி. வெளியூர்க்காரருக்கு இது தெரியாது. தொட்டிகளை நிறத்தோடு வைத்து, மேலே தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒட்டுங்கள். பாத்ரூமில் மூடியுள்ள சிவப்புத் தொட்டியும், சுற்றிப் போடப் பழைய செய்தித்தாளும் இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். கலந்த குப்பையைக் கையால் பிரிக்கும் வேலையை அக்காவின் தலையில் கட்டக் கூடாது.

அறை மணக்க என்ன போடலாம்?

ஒன்றும் வேண்டாம். நன்றாகக் காய்ந்த துணிக்கும் திறந்த சன்னலுக்கும் மேல் மணம் இல்லை. விரிப்பு அலமாரியில் அந்துருண்டை மட்டும் போடாதீர்கள், அந்த வாடை துணியை விடவே விடாது; காய்ந்த வேப்பிலையைத் துணியில் கட்டி வைத்தால் போதும்.

தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால்?

2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, கார் கழுவவும் தோட்டத்துக்கும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, புறநகரின் 110 கிராமப் பகுதிகளுக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கொண்டுவர வழி பிறந்தது. ஆனாலும் கோடைக்கு ஆயத்தமாக இருங்கள். குறைந்தது இரண்டு இரவாவது தங்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் சலவை நன்றாகக் குறையும். மெஷின் கடைசியாக அலசி வெளியேற்றும் நீரைப் பிடித்துத் தரை துடைக்கலாம்.

பழைய விரிப்பை என்ன செய்வது?

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுப்பகுதி மெலிந்து தெரியும் விரிப்பு ஓய்வுபெற வேண்டியது. கிங் விரிப்பின் நடுவை வெட்டி எறிந்துவிட்டு ஓரங்களிலிருந்து தலையணை உள்ளுறை தைக்கலாம், ஓரங்கள் நடுப்பகுதியைப் போலத் தேய்வதில்லை. மீதியைக் கண்ணாடி துடைக்கும் துணியாக்குங்கள். பழைய துண்டுகளை நாய், பூனைக் காப்பகங்கள் கேட்டு வாங்கிக்கொள்கின்றன, துவைத்துக் கொடுங்கள். வாங்கிய மாதத்தையும் கடையின் பெயரையும் மூலையில் மார்க்கரால் எழுதும் பழக்கம் இருந்தால், கழிக்கும் நாளில் எந்தக் கடைத் துணி எவ்வளவு நாள் தாங்கியது என்று பார்த்து அடுத்த முறை அதையே வாங்கலாம்.